புது கேமிங் கம்ப்யூட்டர்: எஸ்.பி. ரோட்டிலிருந்து முதல் கேம் வரை

ஒன்றரை, இரண்டு லட்சம் போட்டு வாங்கிய மெஷின் 60 ஹெர்ட்ஸில், அதாவது திரை நொடிக்கு 60 முறை மட்டும் மாறும்படி, ஓடிக்கொண்டிருப்பதைப் பெங்களூரில் சாதாரணமாகப் பார்க்கலாம். மானிட்டர் 165 ஹெர்ட்ஸ், கிராஃபிக்ஸ் கார்டு அதற்கு மேலேயும் தள்ளும். விண்டோஸில் ஒரு செட்டிங்கை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வாங்கினவருக்கோ "பரவாயில்லை, பழைய லேப்டாப்பைவிட நல்லாத்தான் இருக்கு" என்ற திருப்தி.

எல்லாம் அவசரம் செய்கிற வேலை. எந்த கார்டு, எந்த புராசஸர் என்று மூன்று நாலு மாதம் யூடியூபில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், பெட்டி வீட்டுக்கு வந்த ராத்திரி இரண்டு மணி நேரத்தில் கேம் ஓடிவிட வேண்டும் என்று நிற்பார்கள். பார்ட் தேர்வில் தப்பு செய்து பணத்தை விடுகிறவர்கள் குறைவு. கடைக் கவுண்டருக்கும் முதல் கேமுக்கும் நடுவில் விடுகிறவர்கள்தான் அதிகம்.

கடையில்

பெங்களூரின் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு என்கிற சதர் பத்ரப்பா ரோடு டவுன்ஹாலுக்குப் பக்கம், ஜே.சி. ரோட்டை ஒட்டி. கார் எடுத்துப் போகாதீர்கள். கிரீன் லைன் மெட்ரோவில் சிக்பேட்டை அல்லது கே.ஆர். மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி நடப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் போனால் யாருக்கும் பதில் சொல்ல நேரமிருக்காது. வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போகிறவருக்குத்தான் நிதானமாகக் கொட்டேஷன் கிடைக்கும். திரும்பும்போது கேபினெட் பெட்டியும் 27 அங்குல மானிட்டர் பெட்டியும் சேர்ந்தால் ஆட்டோவில் ஆள் உட்கார இடமிருக்காது. கேப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டேஷனில் "32 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, 750 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது கொட்டேஷனே இல்லை. ஒவ்வொன்றுக்கும் கம்பெனி, மாடல் நம்பர் வேண்டும். 32 ஜிபி என்பது 16 ஜிபி குச்சி இரண்டாகவும் இருக்கலாம், 32 ஜிபி குச்சி ஒன்றாகவும் இருக்கலாம். ஒற்றைக் குச்சி என்றால் மெமரி தகவல் கடத்தும் வேகம் பாதியாகிவிடும், கேமில் அது தெரியும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 16 ஜிபி கார்டும் உண்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படியே. 1440பி மானிட்டரில் டெக்ஸ்சரை உயர்த்தி வைத்து விளையாட நினைப்பவருக்கு 8 ஜிபி சீக்கிரமே முட்டும். அந்த அளவு பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது.

எஸ்எம்பிஎஸ்ஸில்தான், அதாவது பவர் சப்ளையில்தான், ஏமாற்று அதிகம் நடக்கிறது. வாட் எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று வாங்குபவர் நினைப்பார், கடைக்காரருக்கு அது தெரியும். கரண்ட் வாங்க 16 பின் கனெக்டர் உள்ள கார்டு வாங்குகிறீர்கள் என்றால், அந்தக் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸோடே வரும் ஏடிஎக்ஸ் 3.1 மாடலாகக் கேளுங்கள். 80 பிளஸ் கோல்டு முத்திரையோடு, ஐந்து வருஷத்துக்குக் குறையாத வாரண்டி இருந்தால் நிம்மதி. என்விடியா சொல்லும் அளவு ஆர்டிஎக்ஸ் 5070க்கு 650 வாட், 5070 டிஐக்கு 750, 5080க்கு 850, 5090க்கு 1000. இதற்கு மேலே 100 வாட் கூட்டி வாங்கலாம். 5070 போட்டு 1200 வாட் வாங்குவது வீண் செலவு, அந்தப் பணத்தை மானிட்டரில் போடலாம்.

ராம் விலை தனிக் கதை. 2025 கடைசியிலிருந்து டிடிஆர்5 விலை கண்டபடி ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி போவதால் வந்த பற்றாக்குறை அது. குரூசியல் என்ற பெயரில் சில்லறை ராம், எஸ்எஸ்டி விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இதனால் பழைய கொட்டேஷனை வைத்துப் பேரம் பேச முடியாது. விலையை அடக்கிக் காட்ட, கடையில் 6000 ஸ்பீடு சிஎல்30 குச்சிக்குப் பதில் 4800 ஸ்பீடு குச்சியை நுழைப்பதும் நடக்கும். ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள்.

பிறகு அந்தப் பேச்சு வரும்.

"பில் இல்லாம எடுத்துக்கிறீங்களா சார், கொஞ்சம் குறைச்சுத் தரேன்."

"வேணாம்ணா. ஜிஎஸ்டி பில்லே போடுங்க, சீரியல் நம்பரோட."

18 சதவீதம் மிச்சமாவதுபோலத் தோன்றும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு வாரண்டிக்கு சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்லும் சீரியல் நம்பரும்தான். துபாயிலிருந்து வந்த கார்டு, அமெரிக்காவிலிருந்து நண்பர் கொண்டுவந்த கார்டு என்றால் இந்தியாவில் வாரண்டி இருக்கிறதா என்று அந்தக் கம்பெனியின் இந்திய சைட்டில் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். புராசஸர் பெட்டியோடு வர வேண்டும். பெட்டி இல்லாத டிரே புராசஸருக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு, கடை இருக்கும் வரை.

செகண்ட்ஹேண்டில் இன்டெல் 13, 14வது தலைமுறை ஐ7, ஐ9 மலிவாகக் கிடைக்கும். அவற்றில் அதிக வோல்டேஜால் சிப்பே தேயும் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டில் இன்டெல் 0எக்ஸ்129 மைக்ரோகோடு (சிப்பின் உள் மென்பொருள் திருத்தம்) வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களில் பெட்டியோடு விற்றவற்றின் வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்து வருஷமாக்கியது. ஏற்கனவே தேய்ந்த சிப்பை மைக்ரோகோடு சரிசெய்யாது. பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யாமல் ஒரு வருஷம் ஓடிய 13900கே எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

வீட்டு கரண்ட்

மெஷினைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று ஏறுகிறதா? ஈஜிபுரா, முருகேஷ்பாளையா, அல்சூர் பக்கம் மாடிமேல் மாடியாகக் கட்டிய வாடகை வீடுகளில் இது அடிக்கடி வரும் புகார். "எஸ்எம்பிஎஸ் லீக் ஆகுது" என்று மெஷினைத் திரும்பக் கடைக்குத் தூக்கிப் போவார்கள். கடையில் போட்டால் ஷாக் இருக்காது, இரண்டு பக்கமும் சண்டை.

நடப்பது இதுதான். எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்ட லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்குச் சின்னச் சின்ன கெபாசிட்டர் இருக்கும். அதில் கசியும் கரண்ட் எர்த் வயர் வழியே போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினெட் தகடு முழுக்க 230 வோல்ட்டில் பாதியளவில் மிதக்கும். கரண்ட் அளவு மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வேறு எர்த்தில் இருக்கும் டிவியின் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சொருகும்போது பொறி பறந்து போர்ட் போகலாம். உண்மையிலேயே எஸ்எம்பிஎஸ் உள்ளே ஷார்ட் ஆகும் நாளில் காப்பாற்றவும் ஒன்றுமிருக்காது.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஏசி வோல்டேஜில் வைத்து, பிளக் பாயின்ட்டில் லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் அளந்தால் 230 பக்கம் வர வேண்டும். லைவுக்கும் எர்த்துக்கும் அளந்தாலும் ஏறக்குறைய அதே எண். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். லைவ்-எர்த் 90, 120 என்று அலைபாய்ந்தால் அந்தப் பாயின்ட்டில் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது.

இதற்கு எலக்ட்ரீஷியன் சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: ஸ்விட்ச் பாக்ஸிலேயே எர்த் பின்னை நியூட்ரலோடு இணைத்துவிடுவது. ஷாக் உடனே நின்றுவிடும், மீட்டரிலும் எல்லாம் சரியாகக் காட்டும். ஒத்துக்கொள்ளவே கூடாது. வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், ஆன் செய்த பொருளின் தகடு முழு 230 வோல்ட்டில் நிற்கும். மீட்டர் போர்டிலிருந்து தனி எர்த் வயர் இழுக்கச் சொல்லுங்கள். வீட்டு ஓனர் முகம் சுளித்தால் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வது மேல்.

எக்ஸ்டென்ஷன் பற்றி அளவுக்கு மீறிய பயம் தேவையில்லை. 600 வாட் இழுக்கும் மெஷின் 230 வோல்ட்டில் 2.6 ஆம்பியர்தான் எடுக்கும், 6 ஆம்பியர் பாயின்ட் தாங்கும். அதே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலையும் அயர்ன் பாக்ஸையும் மாட்டினால்தான் தொல்லை.

யுபிஎஸ்ஸில் எல்லோரும் விஏவைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வாட். கடையில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். ரைசன் 9800எக்ஸ்3டியும் 5070 டிஐயும் உள்ள மெஷின் கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து 450, 500 வாட் போகும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது சோதித்தால் நன்றாக வேலை செய்யும், அதனால் இது கடைசி வரை தெரியாது. 1000, 1100 விஏ வாங்குங்கள், பொதுவாக 600 வாட் பக்கம் தாங்கும். டிஜி (டீசல் ஜெனரேட்டர்) உள்ள அபார்ட்மெண்டில் அது எடுக்கும் வரை அரை நிமிடம் தாங்கினால் போதும், பெரிய பேட்டரி தேவையில்லை. ஆனால் டிஜியில் ஒரு வீட்டுக்கு எத்தனை வாட் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அசோசியேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் மெஷினும் ஃபிரிட்ஜும் சேர்ந்தாலே ட்ரிப் ஆகும்.

வீட்டில் ஏற்கனவே இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் ரகமா என்று பார்த்து, யுபிஎஸ் மோடில் போடுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் நல்ல எஸ்எம்பிஎஸ்கூட லோடு ஏறியதும் அணையலாம்.

பூட்டுவது

கேபினெட்டின் கண்ணாடிக் கதவை முதலில் கழற்றிக் கட்டில் மேல் வையுங்கள். தரையில் சாய்க்கவே கூடாது. டெம்பர்டு கிளாஸின் ஓரம் டைல்ஸில் லேசாகத் தட்டினாலே மொத்தமும் கல்கண்டாக நொறுங்கிக் கொட்டும். அதன் பலமெல்லாம் நடுப்பரப்பில்தான், ஓரத்தில் இல்லை.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து புராசஸர், ராம், எஸ்எஸ்டி மூன்றையும் மாட்டிவிடுங்கள். கேபினெட்டுக்குள் போன பிறகு கை நுழையாது. ஏஎம்டி ரைசனுக்கான ஏஎம்5 சாக்கெட்டில் 1718 பின்னும் போர்டில்தான் நிற்கும். முக்கோணக் குறியைப் பார்த்துப் புராசஸரை வைத்தால் தானாக உட்காரும், அழுத்தத் தேவையில்லை. கொக்கியை இறக்கும்போது கருப்பு பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து விழும். அதை எறியாதீர்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த மூடி இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ராம் குச்சி இரண்டு என்றால் புராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். கடையில் பூட்டித் தந்த மெஷினில்கூட ஒன்றும் இரண்டும் ஸ்லாட்டில் பக்கத்துப் பக்கத்தில் குச்சி நிற்பதைப் பார்க்கலாம். அது ஒரே சேனல், இரண்டு குச்சி வாங்கியது வீண். பிறகு பார்த்துக்கலாம் என்று இன்னும் இரண்டு குச்சி சேர்க்கும் திட்டமும் வேண்டாம். டிடிஆர்5இல் நாலு குச்சி போட்டால் ஸ்பீடு நன்றாகவே இறங்கிவிடும்.

எஸ்எஸ்டி மேல் மூடும் ஹீட்சிங்கின் பேடில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கூலரின் செம்புத் தட்டிலும் அப்படித்தான். அதை உரிக்காமல் பூட்டினால் கேம் திறந்த சில நிமிடத்தில் புராசஸர் 95 டிகிரி தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "கூலர் சரியில்லை" என்ற புகாரில் ஒரு பங்கு இந்தத் தாளுக்கே சேரும். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். ஏஎம்5க்குக் கொஞ்சம் தாராளமாகவே வைக்கலாம், வழிந்தாலும் கெட்டுப்போகாது.

ஃபேனில் எந்தப் பக்கம் காற்று வருகிறது என்று குழப்பம் வரும். கம்பிச்சட்டம் இருக்கும் பக்கம் காற்று வெளியே போகும். முன்பக்கம் மூன்று உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இது பெங்களூருக்குச் சரி. உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் ஃபில்டர் இல்லாத இடுக்கு வழியே தூசி நுழையாது. அவுட்டர் ரிங் ரோடு பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டடவேலை நடப்பதை மறக்க வேண்டாம்.

புராசஸருக்கான 8 பின்னும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் ஒன்றல்ல. முதலாவது 4+4 ஆகப் பிரியும், இரண்டாவது 6+2 ஆக. புராசஸர் கேபிளை போர்டை உள்ளே வைப்பதற்கு முன்பே பின்பக்கமாக இழுத்துவிடுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் நீளமாக இருக்கிறதே என்று புதியதில் மாட்டுவதுதான் மிகப் பெரிய விபரீதம். சொருகும் முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் ஒரே நொடியில் செத்துப்போகும், அதற்கு வாரண்டியும் கிடையாது.

16 பின் கனெக்டர் உருகிய படங்கள் 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த கையோடு பரவின. முழுவதும் உட்காராமல் பாதியில் நிற்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு வந்த 12வி-2எக்ஸ்6 வடிவத்தில் உணர் பின்களைக் குட்டையாக்கினார்கள், சரியாக உட்காராவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காது. அப்படியும் 575 வாட் இழுக்கும் 5090இல் அரைகுறையாக மாட்டிவிட இடமில்லை. கார்டை கேபினெட்டில் மாட்டுவதற்கு முன்பே கையில் வைத்து, கனெக்டரில் இடைவெளி தெரியாத வரை அழுத்திப் பாருங்கள், பிறகு எடுத்துவிட்டு கேபினெட்டில் அதே அழுத்தத்தோடு மாட்டுங்கள். கனெக்டரிலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டர் வரை வயர் நேராகப் போக வேண்டும். கண்ணாடிக் கதவு அதை மடக்கி அழுத்துகிறது என்றால் அந்த கேபினெட் அந்த கார்டுக்கு ஆகாது.

முதல் பவர் ஆன்

ஃபேன் சுற்றும், விளக்கெல்லாம் எரியும், திரை மட்டும் கருப்பு. ஏஎம்5இல் முதல் முறை இது சகஜம். டிடிஆர்5 மெமரியை போர்டு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், 32 ஜிபிக்கு மேல் என்றால் இன்னும் கூடுதல். இந்த நேரத்தில் பதறி ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கால் மணி நேரம் விட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லையென்றால், மானிட்டர் கேபிள் மதர்போர்டில் சொருகியிருக்கிறதா, கார்டில் சொருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டில்தான் இருக்க வேண்டும். அப்புறம் போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு குட்டி விளக்கு இருக்கும், எது எரிந்து நிற்கிறதோ அங்கே கோளாறு. டிராம் என்றால் ஒரு குச்சியை மட்டும் ஏ2வில் போட்டுப் பாருங்கள். சிபியு விளக்கு நிற்கிறது, போர்டு பழைய பி650 ஸ்டாக், புராசஸர் 9800எக்ஸ்3டி என்றால் பயாஸ் அந்தச் சிப்புக்கு முந்தையதாக இருக்கலாம், ஏனென்றால் அந்தச் சிப் வந்ததே 2024 நவம்பரில். பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டில் பென் டிரைவை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்து, ஃபைல் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்றி, குறியிட்ட யுஎஸ்பி போர்ட்டில் சொருகிப் பட்டனை அழுத்தினால் போதும். விளக்கு மினுக்குவது நிற்கும் வரை தொடக் கூடாது. ஏப்ரல், மே மாதச் சாயங்கால இடிமழை நேரத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

பயாஸுக்குள் போனதும் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ராமை அதன் முழு ஸ்பீடில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் 6000க்குக் காசு கொடுத்த ராம் 4800இல் ஓடும். கார்டின் மெமரி முழுவதையும் புராசஸர் ஒரேயடியாக எட்டவிடும் ரீசைசபிள் பார் ஆனில் இருக்கிறதா பாருங்கள். டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும். விண்டோஸ் 11 அவற்றைக் கேட்கும், வேலரண்ட் கேமும் கேட்கும்.

விண்டோஸ் போடும் பென் டிரைவிலேயே போர்டின் லேன், வைஃபை டிரைவரையும் போட்டுக்கொள்ளுங்கள். புது போர்டுகள் பலவற்றின் நெட்வொர்க் சிப்பை விண்டோஸ் அடையாளம் காணாது, அதுவோ இன்டர்நெட் இல்லாமல் மேலே போக விடாது. விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் டிரைவ் தானாகக் குறியாக்கம் செய்து பூட்டப்படும். மீட்பு எண் அந்தக் கணக்கிலேயே இருக்கும், அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்யும் முன் இந்தப் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தாவிட்டால், அடுத்த முறை ஆன் செய்யும்போது அந்த 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கலாம்.

சிப்செட் டிரைவர், கார்டு டிரைவர் போட்டதும் டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு டிஸ்பிளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 165க்கு மாற்றுங்கள். அந்த எண் பட்டியலிலேயே இல்லையென்றால் பெரும்பாலும் கேபிள் பழசு, மானிட்டரோடு வந்த டிஸ்பிளேபோர்ட் கேபிளை மாட்டுங்கள். மானிட்டரைக் கேமின் ஃபிரேம் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்கை ஆன் செய்து, ஃபிரேம் ரேட்டை மானிட்டர் வேகத்துக்கு மூன்று குறைவாகக் கட்டிவைத்தால் படம் கிழியாது, தாமதமும் ஏறாது. புது கேமைத் திறந்த முதல் சில நிமிடம் அங்கங்கே இழுப்பது ஷேடர் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் குட்டி புரோகிராம்) கட்டும் வேலை. அதைப் பார்த்து மெஷினைத் திட்ட வேண்டாம்.

முதல் வாரம்

மாற்றித் தரும் காலம் ஆன்லைனில் பெரும்பாலும் ஏழு நாளோ பத்து நாளோதான். எஸ்.பி. ரோட்டில் "ஏதாவதுன்னா கொண்டு வாங்க சார்" என்பதோடு சரி, எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அந்தக் காலம் முடிந்த பிறகு அதே கோளாறு வந்தால் புதுப் பொருள் கிடைக்காது, சர்வீஸ் சென்டர் வரிசைதான். எனவே இந்த வாரத்தில் மெஷினைக் கொஞ்சம் கசக்கித்தான் பார்க்க வேண்டும்.

முதல் ராத்திரி மெம்டெஸ்ட்86 ஓடவிட்டுத் தூங்குங்கள். நாலு சுற்று முடிவில் ஒரு எர்ரர் வந்தாலும் ராமில் அல்லது எக்ஸ்போவில் சிக்கல். 5600க்கு இறக்கினால் நின்றுவிடுகிறதா பாருங்கள். நின்றாலும் 6000க்குக் காசு கொடுத்தவர் அந்தக் குச்சியை மாற்றிக் கேட்கலாம். அடுத்து 3டிமார்க் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். 20 சுற்று ஓடி 97 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும். குறைந்தால் சூட்டில் வேகம் இறங்குகிறது என்று அர்த்தம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்று பாருங்கள். புது டிரைவில் இரண்டும் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும். பல டெராபைட் எழுதியிருந்தால் உங்களுக்கு முன்னால் அது வேறு யாரிடமோ இருந்திருக்கிறது. ஜிபியு-இஸட்டில் கார்டின் பெயரும் மெமரி அளவும் பில்லோடு ஒத்துப்போக வேண்டும்.

கேம் ஓடும்போது கார்டு 65 முதல் 75 டிகிரி வரை இருப்பது இயல்பு. எக்ஸ்3டி இல்லாத ரைசன் 7000, 9000 சிப்புகள் முழு லோடில் 95 டிகிரி வரை போனாலும் அது அவற்றின் வடிவமைப்புக்குள்தான். கேமிலும் அங்கேயே நின்றால்தான் கூலரைப் பார்க்க வேண்டும். அதிக ஃபிரேம் வரும்போது கார்டிலிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வரலாம், காயில் வைன். அதற்கு வாரண்டியில் மாற்றித் தர மாட்டார்கள், ஃபிரேம் ரேட்டைக் கட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

கேம் இறக்கும் கணக்கையும் முன்பே போட்டுவிடுங்கள். 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12.5 மெகாபைட், 100 ஜிபி கேமுக்கு இரண்டே கால் மணி நேரம் ஆகும். பழைய மெஷினில் அதே கேம் இருந்தால் ஸ்டீம் வீட்டு நெட்வொர்க் வழியாகவே அதை எடுத்துக்கொள்ளும், லேன் கேபிளில் போட்டால் வேகம்.

சூடும் பில்லும்

மெஷின் இழுக்கும் வாட் முழுவதும் கடைசியில் அறையில் சூடாகத்தான் வெளிவரும். பெங்களூரில் ஏசி இல்லாத வீடுகளே அதிகம். மார்ச், ஏப்ரலில் பத்துக்குப் பத்து ரூமில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு 500 வாட் மெஷினோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் சட்டை நனைந்துவிடும். இதற்குச் செலவில்லாத வழி, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதமாக்குவது. ஃபிரேமில் சில சதவீதம் குறையும், கண்ணுக்குத் தெரியாது. 300 வாட் கார்டு 240இல் நிற்கும், ஃபேன் சத்தமும் இறங்கும். ஓவர்கிளாக் செய்து அந்த ஐந்து சதவீதத்தைத் துரத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

500 வாட்டில் தினமும் நாலு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட், மாதம் 60. யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் 360 ரூபாய்தான், பெரிய செலவாகத் தெரியாது. ஆனால் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருக்கும் வீட்டில் கணக்கு வேறு. மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் அந்த மாதம் முழு பில்லும் கட்ட வேண்டும். ஏற்கனவே 150 யூனிட் ஓடும் வீட்டில் இந்த 60 சேர்ந்தால் பில் பூஜ்யத்திலிருந்து ஆயிரத்தைத் தாண்டிவிடும், கூட இருப்பவர்கள் காரணம் கேட்பார்கள். ராத்திரி கேம் டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் மானிட்டரையும் அணைத்துவிடுங்கள், சும்மா நிற்கும் மெஷினும் எழுபது எண்பது வாட் இழுக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். புளோயரால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்மண் தெரியாமல் சுற்றினால் பேரிங் போகும்.

வீடு மாறும்போது

பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிந்து மாறினாலும் சரி, பொங்கலுக்கு சேலத்துக்கோ மதுரைக்கோ எடுத்துப் போனாலும் சரி, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றாமல் மெஷினை நகர்த்த வேண்டாம். ஒன்றரை, இரண்டு கிலோ கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டே ஓசூர் ரோட்டு ஸ்பீடு பிரேக்கர்களில் குதித்தால் ஸ்லாட்டோ கார்டின் போர்டோ விரிசல் விடும். கார்டு அதன் சொந்தப் பெட்டியில், கருப்புப் பையோடு. பெரிய டவர் கூலர் என்றால் அதையும் கழற்றுங்கள், முடியாவிட்டால் மதர்போர்டு தரைக்கு இணையாக இருக்கும்படி கேபினெட்டைப் படுக்க வையுங்கள். கண்ணாடிக் கதவு தனியாக, இரண்டு போர்வைக்கு நடுவில். ஆம்னி பஸ்ஸின் லக்கேஜ் டிக்கியில் போடுவதைவிடக் காரின் பின்சீட்டு நல்லது. பஸ்தான் வழி என்றால் கார்டையும் எஸ்எஸ்டியையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் ராமையும் 24 பின்னையும் ஒருமுறை அழுத்திப் பார்த்து, கார்டை மாட்டி, 16 பின் கனெக்டரில் இடைவெளி இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புது வீட்டின் பிளக் பாயின்ட்டில் எர்த்தை மல்டிமீட்டரால் அளந்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.